ஏரிக்கரை வேடியப்பன் கல்லிலிருந்து ஊர் வரலாற்றை எடுப்பது எப்படி?

கேட்டவர் தண்டராம்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர். அவர் ஊர் ஏரிக்கரையில் ஒரு பலகைக்கல் நிற்கிறது, அதில் வில்லோடு ஓர் ஆள் உருவம், தலைக்கு மேலே ஏதோ எழுத்து மாதிரி கோடுகள், ஊர் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறது. "எங்கள் ஊருக்கு வரலாறு என்று ஏதாவது இருக்கிறதா, இருந்தால் அதை எப்படித் தெரிந்துகொண்டு நாலு பேருக்குச் சொல்வது?" என்பது கேள்வி.

இருக்கிறது. நீங்கள் சொல்லும் கல் நான் நினைக்கிற மாதிரிக் கல்லாக இருந்தால், தஞ்சைப் பெரிய கோயிலை விடப் பல நூற்றாண்டு மூத்த எழுத்து உங்கள் ஏரிக்கரையில் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் இருக்கலாம். மிகைப்படுத்தவில்லை. செங்கம், தண்டராம்பட்டு, ஊத்தங்கரை, அரூர், தருமபுரி என்று விரியும் இந்த நிலத்தில்தான் தமிழ்நாட்டிலேயே எழுத்துள்ள நடுகற்கள், அதாவது சண்டையில் செத்த வீரனுக்காக நட்ட நினைவுக்கற்கள், அதிகமாகக் கிடைத்திருக்கின்றன. பல்லவர் காலத்துக் கற்கள், வட்டெழுத்தில், அதாவது தமிழை எழுதிய பழைய வளைவு எழுத்தில் வெட்டியவை. செங்கம் பகுதிக் கற்களை மட்டும் தொகுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தொல்லியல் துறை 1972லேயே தனி நூல் போட்டுவிட்டது. அதற்குப் பிறகும் புதுக் கற்கள் தட்டுப்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன, அதனால் உங்கள் கல் அந்தத் தொகுதியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

எதற்காக இங்கே இத்தனை கற்கள்? நிலத்தைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். ஒரு பக்கம் ஜவ்வாது மலை, நடுவே கணவாய், தெற்கே தென்பெண்ணை, மழை குறைந்த மேய்ச்சல் காடு. இங்கே சொத்து என்றால் நெல் இல்லை, மாடு. மாட்டைக் கவர வருகிறவன், மீட்கப் போகிறவன், இந்தச் சண்டைதான் அன்றைக்கு ஊருக்கு ஊர் நடந்த அரசியல். பத்துப்பாட்டில் வரும் நன்னனின் செங்கண்மாதான் இன்றைய செங்கம், அந்தப் பாட்டிலேயே வழியோரக் கற்களைப் பற்றிய பேச்சு உண்டு. பாடப் புத்தகத்தில் செங்கம் வந்தால் 1767ல் ஐதர் அலி படையும் கம்பெனிப் படையும் இந்தக் கணவாயில் மோதியதைச் சொல்ல ஒரு வரி வரும். அதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுக்கு முன்னால் இதே வழியில் எருமையைக் காக்கப் போய்ச் செத்தவன் பெயர் கல்லில் இருக்கிறது, பாடத்தில் இல்லை.

அந்தப் பெயரையே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கல்லைப் படிக்க இதைவிட நல்ல மாதிரி கிடையாது. உங்களுக்குப் பக்கத்திலேயே எடுத்தனூர். அங்கிருந்த கல்லில் இருக்கும் வாசகம் இது: "கோவிசைய மயீந்திர பருமற்கு முப்பத்து நான்காவது வாணகோ அரைசரு மருமக்கள் பொற்றொக்கையார் இளமகன் கருந்தேவக்கத்தி தன் எருமைப்புறத்தே வாடிப் பட்டான் கல்." மகேந்திரவர்மனுக்கு ஆட்சி ஆண்டு 34, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணகோ அரசரின் மருமகன் பொற்றொக்கையார், அவரிடம் வேலை பார்த்த வீரன் கருந்தேவக்கத்தி, எருமைகளைக் காக்கும்போது இறந்துபோனான், அவன் கல் இது. இத்துடன் முடிந்திருந்தாலே பெரிய விஷயம். அதே கல்லில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது, அதற்குத் தனியாக இன்னொரு வாசகம்: "கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு."

நாய்க்குப் பெயர் கோவிவன். எசமானன் விழுந்து கிடக்க, வந்தவர்களில் இரண்டு பேரைக் கடித்துவிட்டு அது அங்கேயே காத்துக் கிடந்திருக்கிறது. ஊர் அதைப் பார்த்திருக்கிறது, பார்த்ததோடு விடாமல் சிற்பியிடம் சொல்லி எழுதவும் வைத்திருக்கிறது. மகேந்திரவர்மனைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறார்கள், மண்டகப்பட்டு குடைவரை, நாடகம், இசை என்று. அந்த அரசனுக்குக் கீழே வாழ்ந்த ஒரு மாடு மேய்ப்புக் கிராமம் எதைப் பெரிதாக மதித்தது என்று தெரிய வேண்டுமானால் இந்த ஒரு கல்லிடம்தான் போக வேண்டும்.

நான் உங்களிடம் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான். உள்ளூர் வரலாறு தேடுகிறவர்கள் பெரும்பாலும் கல்லில் அரசன் பெயர் வந்ததும் துள்ளிக் குதித்து "எங்கள் ஊரில் பல்லவர் காலக் கல்" என்று அதோடு நின்றுவிடுகிறார்கள். நடுகல்லில் அரசன் பெயர் வருவது அநேகமாக ஆண்டு குறிக்கத்தான், நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் செய்கிற வேலையை அங்கே மகேந்திரவர்மன் செய்கிறான். விஷயம் அதற்குப் பிறகு வருகிறது: எந்த நாடு, எந்த ஊர், யாருடைய ஆள், யார் வந்து யார் மாட்டைப் பிடித்தது, செத்தவன் பெயர் என்ன. உங்கள் ஊர்ப் பெயரின் பழைய வடிவம் அந்த இரண்டாம் பாதியில் இருக்கலாம். ஆம்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆண்டு நடுகற்களில் ஊர்ப் பெயர் ஆமையூர் என்று இருக்கிறது, நுளம்ப அரசன் படை வந்து ஆமையூர் மாடுகளைப் பிடித்தபோது நடந்த சண்டை அது. அந்தக் கற்கள் இல்லாவிட்டால் பிரியாணிக்குப் பேர்போன ஊரின் ஒன்பதாம் நூற்றாண்டு நாள் ஒன்று நமக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? கல்லுக்குப் போகும் முன் பழைய அச்சுப் பதிவுகளுக்குப் போங்கள். உங்கள் ஊரின் கல் ஏற்கெனவே படிக்கப்பட்டிருந்தால் புதிதாக மெனக்கெட வேண்டியதில்லை, படித்ததை ஊருக்குக் கொண்டுவந்தாலே போதும். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887லிருந்து வருகின்றன, ஒவ்வோர் ஆண்டும் படியெடுத்த கல்வெட்டுகளின் பட்டியல் ஊர் வாரியாக இருக்கும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி வரிசை 1890ல் தொடங்கியது. மாநிலத் தொல்லியல் துறையின் 'கல்வெட்டு' காலாண்டிதழ், தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' ஆண்டிதழ், இவை இரண்டிலும் உள்ளூர் ஆசிரியர்களும் ஆர்வலர்களும் கண்ட கற்களின் வாசகங்கள் வருகின்றன. பழைய தொகுதிகள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே எடுக்கலாம். தேடும்போது மாவட்டப் பெயர் காலை வாரிவிடும், கவனம்: திருவண்ணாமலை மாவட்டம் பிறந்தது 1989ல், அதற்கு முன் அது வடார்க்காடு. இன்னும் பின்னால் போனால், 1906ல் வந்த கெசட்டியரில் (மாவட்ட விவர நூலில்) திருவண்ணாமலை தென்னார்க்காட்டில் இருக்கும். தருமபுரி 1965 வரை சேலம், கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரி. ஊர்ப் பெயரையும் ஆங்கிலேயன் எழுதிய விதத்தில் நாலைந்து மாதிரி எழுதிப் பார்த்துத் தேட வேண்டும்.

இதோடு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகத்தில் இருக்கும் 'அ' பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் பதிவேடு) கிராம வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோயில் புறம்போக்கு, பாழடைந்த ஊர் நத்தம், இப்போது யாருமே போகாத வண்டிப்பாதை எல்லாம் அதில் இருக்கும். ஆள் குடியில்லாத நத்தம் என்று ஒன்று இருந்தால் அங்கே போய்த் தரையைப் பாருங்கள், கறுப்பு சிவப்புப் பானை ஓடு கிடந்தால் கதை இன்னும் நீளமானது என்று அர்த்தம். ஓட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், படம் எடுத்தால் போதும்.

அடுத்தது ஆட்கள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். கேமராவும் கையுமாகப் போய் "இது கடவுள் இல்லை, நடுகல்" என்று பூசாரியிடம் பாடம் எடுத்தால், அன்றோடு அந்த ஊரில் உங்களுக்கு வேலை முடிந்தது. அதுவும் கடவுள்தான். கல்லைத் தவிர நெல் தூவி வழிபடும் கடவுள் வேறில்லை என்று சங்கப்பாட்டே சொல்கிறது. நட்ட அன்றைக்கே அது கும்பிடத்தான் நடப்பட்டது, இடையில் பெயர் மறந்து வேடியப்பன் ஆகியிருக்கிறான், அவ்வளவுதான். அதனால் முதலில் பூசையைக் கேளுங்கள். யார் வீட்டு முறை, முதல் மரியாதை எந்தப் பங்காளிகளுக்கு, பொங்கலன்று மாட்டை அங்கே ஓட்டிக்கொண்டு போகிறார்களா, கன்று ஈன்றால் முதல் பால் அங்கே போகிறதா, மாடு காணாமல் போனால் அங்கே வேண்டிக்கொள்கிறார்களா. கல்லில் மாட்டுச் சண்டை எழுதியிருந்து, எழுத்தே தெரியாத ஊர் இன்றைக்கும் மாட்டுக்காகத்தான் அந்தச் சாமியிடம் போகிறது என்றால், அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எந்தப் பேராசிரியரும் தர முடியாத சான்று அது.

பெரியவர்கள் சொல்லும் கதை கல்லோடு ஒத்துப்போகாமல் இருக்கும், இருக்கட்டும். ஒருவர் அவன் வேட்டைக்காரன், பன்றி முட்டிச் செத்தான் என்பார், இன்னொருவர் ராஜா காலத்துத் தளபதி என்பார். இரண்டையும் அவரவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், யார் சொன்னது, எந்தத் தெரு, என்ன வயது, எந்தத் தேதியில் கேட்டது என்று குறித்து வையுங்கள். கல்லின் வாசகத்தைத் தனியாக எழுதுங்கள். இரண்டையும் குழைத்து ஒரே கதையாக்கி எழுதுவதுதான் கெடுதல், அப்புறம் எது கல் சொன்னது எது தாத்தா சொன்னது என்று யாராலும் பிரிக்க முடியாது. தாத்தா சொன்னதும் வரலாறுதான், ஆனால் அது வேறு காலத்தின் வரலாறு. கேட்க வேண்டிய ஆட்களில் ஆண்கள் மட்டும் இல்லை, திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் நாலு வரி சொன்னால் உள்ளே இருக்கும் அவர் மனைவி நாற்பது வரி சொல்வார், அதுவும் அவர் பிறந்த ஊர்க் கல்லையும் சேர்த்து.

இனிக் கல்லைப் படிப்பது. பகல் உச்சி வெயிலில் எழுத்து தெரியாது, தட்டையாக இருக்கும். காலை ஏழு மணி வெயிலோ மாலை வெயிலோ பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். அதைவிட நல்லது இரவு: கும்மிருட்டில், டார்ச்சைக் கல்லின் முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் விளிம்பை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், பகலில் சொறசொறப்பு என்று நினைத்த இடத்தில் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் எழும்பும், வளைவு வளைவாக வரி பிடிக்கும். டார்ச்சை இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒன்று, மேலிருந்து, கீழிருந்து என்று கேமராவை அசைக்காமல் எடுங்கள். கல்லின் அருகே ஒரு ஸ்கேலை வைத்து ஒரு படம். பின்பக்கம், பக்கவாட்டு, அடிப்பகுதி எல்லாம் சேர்த்து, ஏனென்றால் எழுத்து எப்போதும் தலைக்கு மேல்தான் இருக்கும் என்று சட்டம் எதுவும் இல்லை. கல் மண்ணில் புதைந்திருந்தால் மீதி வரி கீழே இருக்கலாம், ஆனால் நீங்களே தோண்டாதீர்கள்.

உருவத்தையும் விடாமல் குறியுங்கள். கையில் வில்லா, வாளா, உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா, கொண்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காலடியில் சிமிழ், கெண்டி மாதிரி ஏதாவது இருக்கிறதா, மாடு இருக்கிறதா, நாய் இருக்கிறதா. ஒற்றை ஆள் மட்டும் நிற்கும் கல் பழைய பாணி. அடுக்கடுக்காக, கீழே சண்டை, நடுவில் தேவலோகப் பெண்கள் வீரனைத் தூக்கிப் போவது, மேலே லிங்கம் என்று இருந்தால் பெரும்பாலும் பிந்தியது, கிருஷ்ணகிரி ஓசூர்ப் பக்கம் இது அதிகம், அங்கே எழுத்தும் கன்னடமாக இருக்கலாம். புலியோடு மோதும் ஆள் என்றால் புலிக்குத்திக் கல். ரெண்டு தூண் நட்டு மேலே ஒரு கல் படுக்க வைத்திருந்தால் அது நடுகல் இல்லை, சுமைதாங்கி, பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணுக்காக வைப்பது. அதற்கும் ஒரு கதை இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

வட்டெழுத்து என்றதும் மலைத்துப்போக வேண்டாம். நடுகல் வாசகம் ஒரு அச்சில் வார்த்த மாதிரித்தான் வரும், "கோவிசைய" என்று தொடங்கும், "பருமற்கு" என்று ஆண்டுக்கு வரும், நடுவில் "தொறு" வந்தால் மாட்டு மந்தை, "மீட்டுப் பட்டான்" என்றால் மீட்டு இறந்தான், "கல்" என்று முடியும். இந்த ஐந்தாறு சொல்லின் வடிவம் கண்ணுக்குப் பழகினால் பாதிக் கல் தானாக விரியும், மீதி இருப்பது பெயர்கள், அதில்தான் அனுபவசாலி தேவை. முறையாகக் கற்க ஆசை என்றால் மாநிலத் தொல்லியல் துறையே பட்டயப் படிப்பு நடத்துகிறது. மைப்படி எடுப்பதைத் தெரிந்தவர்களிடமே விட்டுவிடுங்கள், நனைத்த தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடித்து எழுத்துக்குள் இறக்கி மேலே மை ஒற்றுவது பார்க்கச் சுலபமாக இருக்கும், தெரியாத கை செய்தால் மை கல்லில் இறங்கிவிடும். சுண்ணாம்பு தடவுவது, சாக்பீஸால் எழுத்தை வரைவது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, இது எதுவும் கூடாது. சாக்பீஸ் இன்னொரு வகையிலும் ஆபத்து: நீங்கள் இருக்கிறது என்று நினைத்த எழுத்தை வரைந்துவிடுவீர்கள், அடுத்து வருகிறவர் கல்லைப் படிக்காமல் உங்களைப் படிப்பார். கல்லுக்கு இதைவிடப் பெரிய எதிரி எனாமல் பெயிண்ட், அதற்கு அடுத்து கும்பாபிஷேகத்துக்கு முன் மணலை வீசி அடித்துச் 'சுத்தம்' செய்யும் இயந்திரம். ஆயிரம் வருஷ மழை அழிக்காததை அது அரை மணியில் அழித்துவிடும்.

சொல்வது பற்றிக் கேட்டீர்கள். முதலில் ஊருக்குச் சொல்லுங்கள், உலகத்துக்குப் பிறகு. பூசாரி வீட்டில் உட்கார்ந்து வாசகத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், செத்தவன் பெயரைச் சொல்லுங்கள். ஊர்ப் பள்ளியில் ஒரு மணி நேரம் கேளுங்கள், பெரும்பாலான தலைமை ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள், பிள்ளைகளைக் கல்லுக்கே அழைத்துப் போனால் இன்னும் நல்லது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டு, கல்லின் பக்கத்தில் (கல்லின் மேல் அல்ல) வாசகமும் பொருளும் எழுதிய பலகை வைக்கலாம். செய்தித்தாளுக்குச் சொன்னால் "அரிய நடுகல் கண்டெடுப்பு" என்று போடுவார்கள், கண்டெடுத்தவராக உங்கள் பெயர் வரும். தலைமுறை தலைமுறையாக அதற்கு விளக்கேற்றும் வீடு ஒன்று இருக்கும்போது நீங்கள் எதைக் கண்டெடுத்தீர்கள்? படித்தது வேண்டுமானால் நீங்களாக இருக்கலாம், அந்தக் குடும்பம் சம்மதித்தால் அவர்கள் பெயரும் செய்தியில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் போடும்போது படம், வாசகம், உங்கள் வாசிப்பு, சந்தேகமான எழுத்து எது என்பது எல்லாம் இருக்கட்டும், கூகுள் மேப் புள்ளி மட்டும் வேண்டாம், அதிலும் காட்டுக்குள் தனியாக நிற்கும் கல்லுக்கு. கல்வெட்டு என்றாலே புதையல் குறிப்பு என்று நம்பிக் கடப்பாரையோடு வருகிற கூட்டம் இன்னும் இருக்கிறது, தூக்கிப்போய் விற்கிற கூட்டமும் இருக்கிறது. துல்லியமான இடத்தைத் தொல்லியல் துறைக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் எழுத்தில் கொடுங்கள், பொதுவில் ஊர்ப் பெயர் போதும்.

இன்னொரு சங்கடம் கட்டாயம் வரும். கல் படிக்கப்பட்டது தெரிந்ததும் வீரன் எங்கள் ஆள் என்று இரண்டு மூன்று தரப்பு கிளம்பும், பலகையில் சாதிப் பெயர் சேர்க்கச் சொல்வார்கள். எடுத்தனூர்க் கல்லைத் திரும்பப் படியுங்கள், கருந்தேவக்கத்தி யாரிடம் வேலை பார்த்தான் என்று இருக்கிறது, என்ன சாதி என்று இல்லை. கல்லில் இல்லாததைப் பலகையில் எழுத மாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், வாசகத்தை அப்படியே எழுதிவிட்டால் சண்டைக்கு இடம் குறையும். பழமையும் அப்படித்தான். ஆண்டிப்பட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006ல் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்ட நடுகற்களில் வட்டெழுத்துக்கும் முந்திய தமிழ்பிராமி எழுத்தே இருந்தது, "கூடல் ஊர் ஆகோள்" என்று மாடு கவர்ந்த சண்டையைச் சொல்லும் கல் அதில் ஒன்று, கிறிஸ்துவுக்கு முந்தியது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அது வந்த பிறகு எந்தக் கல்லைப் பார்த்தாலும் இரண்டாயிரம் ஆண்டு என்று சொல்ல எல்லோருக்கும் ஆசை. உங்கள் கல் வட்டெழுத்து என்றால் வட்டெழுத்து என்றே சொல்லுங்கள், எட்டாம் நூற்றாண்டு ஒன்றும் குறைச்சல் இல்லை.

கடைசியாக ஒன்று, ஏரிக்கரையில் நிற்கிறது என்று எழுதியதால் சொல்கிறேன். கரையைப் பலப்படுத்தவோ சாலையை அகலப்படுத்தவோ பொக்லைன் வந்தால் முதலில் பெயர்வது இந்தக் கல்லாகத்தான் இருக்கும். அதனால் இப்போதே கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது, தரைக்கு மேல் எத்தனை அடி, பக்கத்தில் என்ன மரம் என்று குறித்து, படங்களோடு ஒரு மனுவாக்கி ஊராட்சித் தலைவர், வட்டாட்சியர், மாவட்டத் தொல்லியல் அலுவலர் மூவருக்கும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். நகர்த்தியே ஆக வேண்டும் என்று வந்தால் ஊர் எல்லைக்குள்ளேயே, பூசை நிற்காத இடமாக, அதே திசை பார்த்து நடச் சொல்லுங்கள். அருங்காட்சியகத்துக்கு அனுப்புவது கடைசி வழி. தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் கற்களைப் பாருங்கள், பத்திரமாகத்தான் இருக்கின்றன, படிக்கவும் வசதி, ஆனால் எண்ணெய் வைக்க ஆள் இல்லை. சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த நாலு படத்தை இங்கே போடுங்கள், முதல் வரியிலாவது என்ன இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.